கிடைக்கு மேலே நின்ற வெளிச்சம்

சாத்தனேந்தலில் எல்லாரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார்கள், ஏட்டையா ஒருவரைத் தவிர. அவருக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

ஏட்டையா என்றால் ஏகாம்பரம். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு கண்மாய்க் கரை மடத்தில் குருந்தாயி அம்மாளிடம் சீடராகச் சேர்ந்தார். அம்மாள் அவரைவிட வயதில் இளையவர். ஊரில் அதைக் கேலி பேசினார்கள். ஏட்டையா கண்டுகொள்ளவில்லை. காலையில் மடத்து வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டு, அம்மாள் முன்னால் கைகட்டி உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்து என்ன, மனசு அடங்கினால்தானே? பாயசம் குடித்தால்கூட முந்திரியை யார் எடுத்தது என்று விசாரிக்கிற ரகம்.

வெளிச்சம் வர ஆரம்பித்தது பங்குனியில். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் கிழக்கு வானத்தில் மஞ்சளாக ஒன்று எழும்பும். அப்படியே நிற்கும். பிறகு அணைந்துவிடும். சத்தம் கிடையாது. கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள் வயதானவர்கள். எவனோ ட்ரோன் விடுகிறான் என்றார்கள் காலேஜ் போகிறவர்கள். சண்டை போட்டுக்கொண்டாலும் இரண்டு கட்சிக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. இதற்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான்.

ஆள் யார் என்பதிலும் சண்டை வரவில்லை. கீதாரி முத்துராக்குதான்.

முத்துராக்கு ஆட்டுக்காரர். அறுப்பு முடிந்த வயல்களில் எருவுக்காக ராத்திரி ஆடுகளை வலைக்குள் அடைத்துப் போடுவார். அதற்குக் கிடை என்று பேர். வருஷா வருஷம் வருகிறவர்தான். ஆனால் இந்த வருஷம் அவர் கிழக்கு வயலில் கிடை போட்ட பிறகு வெளிச்சம் வந்தது. ஒரு பசு செத்தது. ஊர்த்தலைவர் காத்தப்ப அம்பலாரின் கிணற்று மோட்டார் காணாமல் போனது. இது போதாதா?

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் கூட்டம் என்று சொல்லிவிட்டார்கள். கிடையைப் பிரித்து எறிந்து, ஆட்டையும் ஆளையும் அன்றைக்கே எல்லை தாண்டி விரட்டிவிட வேண்டும் என்று பேச்சு. ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஈன்ற குட்டி காலூன்றி நடக்கும் முன்னால் விரட்டினால் பாதி வழியிலேயே செத்துப்போகும். கீதாரிக்குச் சொத்து என்று இருப்பது அதுதான். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும்.

அம்பலார் ஒரு நியாயம் வைத்தார்.

"நாம சொன்னா பகையில சொல்றோம்பாங்க. ஏட்டையா கண்ணால பார்க்கட்டும். வெளிச்சம் எங்க நிக்குதுன்னு அவர் சொல்றாரோ அதுதான் முடிவு."

புதன்கிழமை ஏட்டையாவும் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலையில் வாசல்கூடக் கூட்டாமல் அம்மாள் முன்னால் வந்து நின்றார். அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்த வெளிச்சம் நிஜமா, பொய்யா?"

"நீங்கதான் பார்த்தீங்களே."

"நீங்க பார்த்தீங்களாம்மா?"

"பார்த்தேனே."

"என்னம்மா அது?"

"தெரியலை. நல்லா இருந்துச்சு."

தெரியலை என்று சொல்கிறவர்களை ஏட்டையா சர்வீசில் நம்பியதே இல்லை. இப்போதும் நம்ப முடியவில்லை. அம்மாளின் முகத்தையே பார்த்தார். பிறகு மாடத்தில் இருந்த டார்ச் லைட்டைப் பார்த்தார்.

"அதுல பேட்டரி இல்லை," என்றார் அம்மாள். "முந்தாநாளே திறந்து பார்த்துட்டீங்கல்ல?"

ஏட்டையாவுக்கு முகம் சுருங்கிப்போனது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. புத்தி அப்படியே பழகிப்போச்சு."

"சரி விடுங்க. வெளிச்சம் எங்க நின்னுச்சு?"

"கிடைக்கு மேல."

"கிடைன்னு ஏன் சொல்றீங்க? வானத்துலன்னு சொல்லலாமே?"

"வானம்னா எந்தப் பக்கத்து வானம்னு கேட்பாங்களே? வானத்து வெளிச்சத்தை விரல் நீட்டிக் காட்டக் கூடாதும்மா. விரல் அழுகிடும். அதனால கீழ எது இருக்கோ அதைச் சொல்லுவோம். இன்னார் பனைக்கு மேல, இன்னார் வீட்டுக்கு மேலன்னு. எங்க ஊர்ல எப்பவும் அப்படித்தான்."

"அப்ப கீழ இருக்கிறவன் பாடு?"

"கீழ இருக்கிறவன்தானம்மா பதில் சொல்லணும்!"

அம்மாள் கீரையை முறத்தில் தட்டிப் போட்டார். உள்ளே போய் ஒரு பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"கிடைக்குப் போய் கொஞ்சம் ஆட்டுப்பால் வாங்கிட்டு வாங்க."

"இப்பவேவா?"

"இப்ப வேண்டாம். சாயங்காலம், விளக்கு வச்சப்புறம் போங்க."

ஏட்டையாவுக்குப் பகீரென்றது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஊரில் எவனும் போவதில்லை. அம்மாள் ஏன் குறிப்பாக அந்த நேரத்தில் அனுப்புகிறார்? கீதாரிக்கும் இவருக்கும் ஏதாவது ஏற்பாடா? கேட்கத்தான் நினைத்தார். ஆனால் சொம்பை ஓரமாக வைத்துவிட்டு வாசலைக் கூட்டப் போனார்.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்ததும் புறப்பட்டார். ஒரு கையில் சொம்பு, மறு கையில் பழைய லத்தி. காய்ந்த கண்மாய்க்குள் இறங்கி, எதிர்க்கரை ஏறினார். தரையைப் பார்த்தேதான் நடந்தார். தலையைத் தூக்க அவருக்குத் தைரியம் இல்லை.

"அங்கேயே நில்லு!"

கிடையிலிருந்து குரல் வந்தது. நாய் குரைத்தது. முத்துராக்கு தொரட்டிக் கம்பை ஓங்கியபடி நின்றார். பக்கத்தில் அவர் மனைவி வெள்ளத்தாயி, கையில் அரிவாள். அவர்களுக்குப் பின்னால் பெரிய மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து, பிறந்த குட்டிகளை உள்ளே விட்டு வைத்திருந்தார்கள். குட்டிகள் மெல்லக் கத்திக்கொண்டிருந்தன.

"யாருய்யா நீ?"

"மடத்துல இருந்து வர்றேன். பால் வாங்க."

"பொய் சொல்லாத. நீ அதுக்குக் கீழ இருந்துதான வர்ற?"

"எதுக்குக் கீழ?"

"திரும்பிப் பாரு. தெரியாத மாதிரி கேக்குறான் பாரு!"

ஏட்டையா திரும்பிப் பார்த்தார்.

வெளிச்சம் அவருக்குப் பின்னால் நின்றது. கண்மாய்க்கு அந்தப் பக்கம், சாத்தனேந்தலுக்கு மேலே. கோயில் வேப்பமரத்துக்கும் அவருடைய ஓட்டு வீட்டுக்கும் நேர் மேலே மஞ்சளாக, ஆடாமல் அசையாமல் நின்றது.

"தினம் உங்க ஊருக்கு மேலதான் நிக்குது," என்றாள் வெள்ளத்தாயி. "அது வந்த அன்னைக்கே ஓடியிருப்போம். இந்தக் குட்டிகளை வச்சுக்கிட்டு எங்க ஓட? உள்ளதைச் சொல்லுங்க, ஊருக்குள்ள என்ன பண்றீங்க? யாரையாவது கொன்னு புதைச்சுட்டீங்களா?"

ஏட்டையா வாழ்க்கையில் எத்தனையோ பேரை இதே கேள்வி கேட்டிருக்கிறார். அவரை யாரும் கேட்டதில்லை.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா," என்றார். அவர் குரல் அவருக்கே பொய்ச்சாட்சி சொல்கிறவன் குரல் மாதிரி கேட்டது.

கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் அணைந்தது. முத்துராக்கு அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளாட்டைப் பிடித்துப் பால் கறந்து கொடுத்தார். கொடுக்கும்போதும் தொரட்டிக் கம்பைக் கீழே வைக்கவில்லை, கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

ஏட்டையா மடத்துக்குத் திரும்பியபோது அம்மாள் அடுப்பு மூட்டியிருந்தார்.

"அம்மா, அது கிடைக்கு மேல இல்லை. அங்க இருந்து பார்த்தா நம்ம ஊருக்கு மேல நிக்குது!"

"அப்படியா? அப்ப ஊரைக் காலி பண்ணச் சொல்லிடுவோமா?"

"விளையாடாதீங்கம்மா. நாளைக்குக் கூட்டத்துல நான் என்ன சொல்ல? யாருக்கு மேலன்னு கேட்பாங்களே?"

"என்ன பார்த்தீங்க?"

"வெளிச்சத்தைப் பார்த்தேன்."

"அந்த வெளிச்சத்துல யாரையாவது பார்த்தீங்களா?"

ஏட்டையா யோசித்தார். யாரையும் பார்க்கவில்லை. அதைச் சொல்வதற்குள் அம்மாள் பாலைக் காய்ச்சி அவர் முன்னால் வைத்துவிட்டார்.

"பால் ஆறுது, குடிங்க," என்றார் அம்மாள்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. பாதிப் பேர் கையில் கம்பு. சாட்சி சொல்லி முடித்ததும் அப்படியே கிடைக்குப் போகிற ஏற்பாடு. குருந்தாயி அம்மாளும் வந்து பெண்களோடு ஓர் ஓரமாக உட்கார்ந்தார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கிழக்கே வெளிச்சம் எழும்பியது. கூட்டம் கப்சிப் ஆனது. குழந்தைகளின் கண்ணைப் பொத்தினார்கள். எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"அந்தா நிக்குது. ஏட்டையா, நீர் சொல்லும்," என்றார் அம்பலார். "யாருக்கு மேல?"

"நேத்து நான் கிடையில நின்னு பார்த்தேன். அங்க இருந்து பார்த்தா அது நம்ம ஊருக்கு மேல நிக்குது. அந்தக் கீதாரி நம்மளைப் பார்த்துப் பயந்துபோய்க் கிடக்கிறான்."

கூட்டம் ஆளுக்கொரு பக்கம் கத்த ஆரம்பித்தது.

"விளக்கு வச்சப்புறம் அங்க உமக்கு என்ன வேலை?"

"பால் வாங்கிட்டு வந்தாரு. நான் பார்த்தேன், கையில சொம்பு இருந்துச்சு!"

"ஒரு சொம்பு பாலுக்கு விலைபோயிட்டாரய்யா!"

அம்பலார் கையமர்த்தினார்.

"பொறுங்கப்பா. இங்க இருந்து பார்த்தா கிடைக்கு மேல. அங்க இருந்து பார்த்தா ஊருக்கு மேல. சரி, அப்ப ரெண்டுக்கும் நடுவுலதான இருக்கு? நடுவுல என்ன இருக்கு?"

"கண்மாய்," என்றான் ஒருவன்.

"கண்மாய்க் கரையில?"

எல்லாத் தலையும் பெண்கள் பக்கம் திரும்பியது. மடம். அந்த மடத்துப் பெண்பிள்ளை எங்கிருந்து வந்தது, என்ன ஜாதி சனம், யாருக்குத் தெரியும்? ராத்திரி தனியாக அங்கே என்ன செய்கிறது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஏட்டையாவுக்கும் அந்தச் சந்தேகம் எட்டிப் பார்த்தது. டார்ச்சில் பேட்டரி இல்லை. கழற்றி வைத்திருந்தால்? அப்படி நினைத்ததும் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"தயங்காம சொல்லும்," என்றார் அம்பலார். "கிடைன்னா கிடை, மடம்னா மடம். ஒரு பேரைச் சொல்லும். மத்ததை நாங்க பார்த்துக்குறோம்."

ஏட்டையா அம்மாளைப் பார்த்தார். அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. சினிமா பார்க்க வந்தவர் மாதிரி வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏட்டையா பின்னால் கட்டியிருந்த கையைப் பிரித்தார். வலது கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை நீட்டி, நேராக வெளிச்சத்தைக் காட்டினார்.

"ஐயோ!" என்று ஒரு பெண் அலறினாள்.

"அந்தா, அங்க இருக்கு," என்றார் ஏட்டையா. "அவ்வளவுதான். கீழ யாரும் இல்லை. அது என்னன்னு எனக்குத் தெரியாது."

முன்னால் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். பின்னால் நின்றவர்கள் கால்மிதிபட்டுக் கத்தினார்கள்.

"விரலை மடக்குய்யா, பாவி!" என்று அம்பலார் பதறினார். "பேரைச் சொல்லும்னா விரலை நீட்டுறீரே!"

"பேர் இல்லை, அம்பலாரே. நீங்களும் காட்டிப் பாருங்க. விரல் நுனியில யாராவது இருக்காங்களா?"

அம்பலார் காட்டவில்லை. கையை இன்னும் இறுக்கிப் பின்னால் கட்டிக்கொண்டார். ஏட்டையா விரலை மடக்கவும் இல்லை. வெளிச்சம் அணைகிற வரைக்கும் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார். தோள் கழன்றுவிடும் போல வலித்தது.

அதற்கப்புறம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏட்டையா சொல்வதுதான் முடிவு என்று அம்பலார் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். கம்பு கொண்டுவந்தவர்கள் அதைத் தரையில் ஊன்றி அதன் மேலேயே சாய்ந்து நின்றார்கள்.

"சரி, குட்டிக காலூன்றி நடக்கட்டும்," என்றார் அம்பலார் கடைசியில், யார் முகத்தையும் பார்க்காமல். "அப்புறம் கீதாரி தானாப் போகட்டும். யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்."

கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது. ஏட்டையாவோடு சேர்ந்து நடக்க ஒருவரும் முன்வரவில்லை. எல்லாரும் அவருடைய வலது கைப் பக்கம் வராமல் ஒதுங்கிப் போனார்கள். அம்மாள் மட்டும் கூட வந்தார்.

வழியில் இரண்டு தடவை ஏட்டையா தெருவிளக்குக்குக் கீழே நின்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது விளக்கில் அம்மாளும் நின்றார்.

"என்ன ஏட்டையா?"

"ஒண்ணும் இல்லைம்மா." அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டார். "ஒருவேளை நிஜமாவே அழுகிடுமோன்னு ஒரு பயம்."

"சர்வீஸ்ல அந்த விரலால எத்தனை பேரைக் காட்டியிருப்பீங்க?"

"கணக்கே இல்லைம்மா."

"அப்ப ஒரு நாளாவது இப்படி விளக்குல வச்சுப் பார்த்தீங்களா?"

ஏட்டையா அந்த விரலை மறுபடியும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.