ஐந்தாவது இஞ்சின்

ஜெனோவா டீச்சரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் ஒரு மடிக்கணினியைத் தலைகீழாகப் பிடித்து, விசைகளுக்குள் புகுந்த எறும்புகளை ஊதிக்கொண்டிருந்தார்.

“போயிட்டு வாங்க அண்ணாச்சி” என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுவாரம் காய்ச்சல் வந்தது. மூன்றே நாளில் போய்விட்டார். வயது முப்பத்தேழு.

அவர் எனக்குக் குரு. என்னைவிட இருபத்தெட்டு வயது இளையவர். நான் சொல்லப்போவது அதற்கு நான்கு வருடம் முந்தி நடந்தது.

என் மனைவி இறந்த பிறகு, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கணினி ஆட்டம் செய்யக் கற்றுக்கொண்டேன். ஆற்றில் ஒரு கீரிப்பிள்ளை பாறை விட்டுப் பாறை தாவும். தவறினால் தண்ணீர். அவ்வளவுதான் ஆட்டம்.

இதையெல்லாம் வெறுங்கையால் செய்வதில்லை. கேம் இஞ்சின் என்று ஒரு மென்பொருள் உண்டு. விழுவது, மோதுவது, சத்தம் எல்லாம் அதற்குள் தயாராக இருக்கும். கீரியையும் பாறையையும் நாம் வைக்க வேண்டும். மூன்று வருடத்தில் நான் நான்கு இஞ்சின் மாற்றியிருந்தேன். நான்கிலும் முதல் நிலையை முடித்தேன். இரண்டாம் நிலை எதிலும் இல்லை.

சனிக்கிழமை காலைகளில், பாளையங்கோட்டையில் ஒரு தையற்கடையின் மாடியில் ஆட்டம் செய்யப் பழகும் எங்களை டீச்சர் கூட்டுவார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் செய்த ஆட்டத்தை இன்னொருவர் ஆடும்போது, செய்தவர் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும். துப்பக் கூடாது. விளக்கம் சொல்ல வழியில்லை.

அன்று என் ஆட்டத்தை ஆடியவன் மாசானம். கூரியர் ஆபீசில் வேலை பார்ப்பவன். வாய் அடங்காதவன்.

கீரி முதல் பாறையின் நுனிவரை ஓடியது. தண்ணீரில் விழுந்தது. மறுபடி ஓடியது. மறுபடி விழுந்தது. ஏழு தடவை.

“நான் அமுக்கத்தான் செய்றேன். இது தாவ மாட்டேங்கு” என்றான். “அண்ணாச்சி, இது கீரியா, அம்மிக்கல்லா?”

எல்லாரும் சிரித்தார்கள். என் கன்னம் வெடித்துவிடும்போல இருந்தது. டீச்சர் விழுங்கச் சொல்லிச் சைகை காட்டினார். விழுங்கினேன்.

“இந்த இஞ்சின் சரியில்ல டீச்சர். அஞ்சாவதா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். மாத்திரட்டுமா?”

“மாத்துங்க, மாத்துங்க” என்றான் மாசானம். “நீங்க மாத்தி முடிக்கதுக்குள்ள கீரிக்கு அறுபதாம் கல்யாணமே வந்துரும்.”

டீச்சர் சிரிக்கவில்லை. “மாத்தினா கண்காட்சி என்ன ஆகும்?”

கல்லூரி அரங்கில் எங்கள் ஆட்டங்களின் கண்காட்சிக்கு ஆறு வாரம் இருந்தது. முந்தைய இரண்டு வருடமும் நான் வெறுங்கையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தவன்.

“இந்த வருசமும் கிடையாது” என்றேன். “எனக்கு அறுபத்தொண்ணு ஆகு டீச்சர். ஒண்ணையாவது முடிச்சுப் பாத்துரணும். எந்த இஞ்சின்னு நீங்களே சொல்லிருங்க. இனிமே கேக்க மாட்டேன்.”

மாசானம் ஆடியதை, விரலும் திரையும் தெரிய, அவர் போனில் பதிவு செய்திருந்தார். அதை மெதுவாக ஓட்டிக் காட்டினார். கீரியின் கால் பாறையை விட்டு ஒரு மயிரிழை நகர்ந்த பிறகுதான் அவன் விரல் விசையில் இறங்கியிருந்தது. ஏழு தடவையும் அப்படித்தான்.

“அப்போ தப்பு இவன்மேலதான்” என்றேன்.

“ஆமா. உங்க இஞ்சினும் அதைத்தான் சொல்லுது.”

மாசானம் முனகினான்.

டீச்சர் என்னைப் பார்த்தார். “ரிட்டயர் ஆகுறதுக்கு முன்ன என்ன வேலை பாத்திய?”

“கண்டக்டர். தென்காசி ரூட்டு.”

“ரெட்டை விசில் குடுத்தாச்சு. வண்டி நகந்தாச்சு. ஒருத்தர் ஓடி வாரார். என்ன செய்விய?”

“ஒத்தை விசில் அடிச்சு நிப்பாட்டுவேன்.”

“நேரத்துக்கு வராதது அவர் தப்புதானே?”

“தப்புதான். அதுக்காக விட்டுட்டா போக முடியும்?”

“எவ்வளவு நேரம் நிப்பாட்டுவிய?”

“ரெண்டு எட்டு வைக்கிற நேரம். அதுக்கு மேல நின்னா உள்ள இருக்கவன் ஏசுவான்.”

டீச்சர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“அது எந்தக் கம்பெனி பஸ் அண்ணாச்சி?”

நான் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டேன்.

அன்று பிற்பகல் அங்கேயே உட்கார்ந்து பதினோரு வரி நிரல் எழுதினேன். பாறையை விட்டுக் கால் விலகிய பிறகும், கொஞ்ச நேரத்துக்குக் கீரி பாறைமேல் நிற்பதாகவே கணக்கு. நான் பழகிய நான்கு இஞ்சினிலும் அது தானாக வந்ததில்லை. முதலில் அரை நொடி கொடுத்தேன். கீரி காற்றில் நடந்தது. மாசானம் கும்பிட்டான். குறைத்துக் குறைத்து நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு வந்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முதல் பாறையில் யாரும் விழவுமில்லை.

மறுநாள் இரண்டாம் நிலையைத் தொடங்கினேன்.

கண்காட்சிக்கு எட்டு நிலைகளோடு போனேன். மதியம்வரை வந்தவர்கள் மூன்று நான்கு நிலை ஆடிவிட்டு நகர்ந்தார்கள். பிறகு கல்லூரி கேண்டீன் செல்லக்கனி டீத் தட்டோடு வந்தார். கணினியைத் தொட்டே பழக்கமில்லாதவர்.

“நானும் ஒரு கை பாக்கட்டா?”

தட்டை மேசையில் வைத்தார். கீரி ஓடியது. பாறை தீர்ந்தது. அவர் பிந்தித்தான் அமுக்கினார், எனக்குத் தெரிந்தது. கீரி தாவி அடுத்த பாறையில் நின்றது.

“எம்மா, தாவிட்டே!”

பிறகு அவர் நிறுத்தவில்லை. விழுந்தார், ஏசினார், எழுந்தார். ஐந்தாம் நிலையில் கூட்டம் சேர்ந்தது. “டீ எங்கம்மா?” என்று யாரோ கத்தினார்கள்.

“இருங்கய்யா, இது அக்கரைக்குப் போவட்டும்!”

எட்டாம் நிலையின் கடைசிப் பாறையிலிருந்து கீரி கரையில் குதித்தபோது அரங்கமே கைதட்டியது. செல்லக்கனி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். என் ஆட்டத்தை முடித்த முதல் ஆள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். “எந்த இஞ்சின்ல செஞ்சிய?”

பெயரைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆட்டத்தில் இப்போது பத்தொன்பது நிலைகள் இருக்கின்றன. கடைசி மூன்றும் டீச்சர் போன பிறகு செய்தவை.