அவிட்டத்துச் சுவர்

"தாயே, எங்க அண்ணன் திரும்பி வாராரு" என்றார் கோமதிநாயகம்.

செண்பகத்தாய் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எந்த வழியா?"

"போன வழியாத்தான். சுவரு வழியா."

செண்பகத்தாயின் மலையடிவாரத்து மடத்துக்கு வெகுகாலமாக வந்துபோகும் சீடர் கோமதிநாயகம். தாயைவிட வயதில் மூத்தவர். உடம்பு பொய், பயம் அதைவிடப் பொய் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வார். இன்று அந்த வாயில் பல் தந்தியடித்தது.

"முழுசாச் சொல்லும்" என்றார் தாய்.

அண்ணன் ஆவுடையப்பன் இறந்தது அவிட்ட நட்சத்திரத்தில். அவிட்டத்தில் செத்தவர் வீட்டுக்குத் திரும்பி வருவார், துணைக்கு ஆள் தேடுவார் என்பது ஊர்ப்பேச்சு. அதனால் வாசல் வழியாக எடுக்கவில்லை. அவர் கிடந்த அறையின் பக்கச்சுவரை இடித்து, அந்தப் பொத்தல் வழியாக வெளியே கொண்டுபோனார்கள். அன்று பொழுது சாயுமுன் பொத்தலை மூடவும் செய்தார்கள். வழி இல்லையென்றால் வருகிறவர் எப்படி வருவார்? பிறகு வழக்கப்படி ஆறு மாதம் அறையைப் பூட்டி வைத்தார்கள்.

பூட்டைத் திறந்தபோது, இடித்து மூடிய அதே இடத்தில் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது. ஓர் ஆள் உயரத்துக்கு.

"என்ன செஞ்சீரு?"

"வெள்ளை பெயிண்டு அடிச்சேன். வெள்ளையத் தாண்டி வந்துட்டு. மேல பச்சை அடிச்சேன். பச்சையத் தாண்டியும் வந்துட்டு. இப்ப ரெண்டு பக்கமும் தோள் மாதிரி விரியுது தாயே."

"வேற ரூம்புல இருந்துக்கிட வேண்டியதுதான?"

"எதுத்த ரூம்பு ஒண்ணுதான், அதுல நாங்க நெருக்கிக்கிட்டுக் கெடக்கோம். மக உலகேஸ்வரி பிரசவத்துக்கு வந்திருக்கா. அண்ணன் ரூம்புலதான் அவளப் படுக்க வைக்கணும். கல்யாணமே பண்ணிக்கிடாம அவளத் தோள்ல போட்டு வளத்தவரு அண்ணன். அவ மேல உசுரு. துணைக்கு அவளத்தான் கேக்காரு. இல்ல, வயித்துப் பிள்ளையக் கேக்காரு."

தாய் சுளகைக் கீழே வைத்தார்.

"நடயும்."

அறைக்குள் ஈரத்துணி மக்கிய வாடை அடித்தது. நிலைப்படியில் நின்ற உலகேஸ்வரி இருமினாள்.

"நீ உள்ள வராத தாயி. எதுத்த ரூம்புக்குப் போயி, மூக்க மூடிக்கிட்டு இரு" என்றார் தாய்.

சுவரைப் பார்த்தார். தலை இருந்தது. தோள் இருந்தது. ஒரு பக்கம் கைபோல ஒன்று நீண்டு கொண்டிருந்தது. பொய் சொல்வானேன், யார் பார்த்தாலும் ஆள் என்றுதான் சொல்வார்கள்.

கோமதிநாயகம் தாயின் முதுகுக்குப் பின்னால் நின்று திருவாசகம் முணுமுணுத்தார். அடி மாறி அடி வந்தது.

தாய் நேராகப் போய், கதவைத் தட்டுவதுபோல அந்தச் சுவரைத் தட்டினார்.

"ஆவுடையப்பரே, உள்ள வாரும்."

"ஐயோ, தாயே!"

தட்டிய இடத்தில் பச்சைப் பெயிண்ட் கையகலம் பெயர்ந்து விழுந்தது. கோமதிநாயகம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெயர்ந்த இடத்திலிருந்து ஏதோ கசிந்து, சுவரில் கோடாக இறங்கியது.

"வந்தது யாருன்னு தொட்டுப் பாரும்."

அவர் தொடவில்லை. தாயே அவர் கையைப் பிடித்து இழுத்து வைத்தார். சில்லென்றிருந்தது.

"தண்ணி" என்றார் அவர்.

"எங்கயிருந்து?"

"தெரியலயே."

"வெளிப்பக்கம் போயிப் பாத்தீரா?"

அண்ணனைத் தூக்கிப்போன சந்து அது. அன்றிலிருந்து வீட்டில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

தாய் கொல்லைக் கதவு வழியாகச் சந்துக்குள் நுழைந்தார். பின்னால் வராமல் நின்றுவிடலாமா என்று யோசித்தார் கோமதிநாயகம். தனியாக அந்த அறையில் நிற்பதற்கு இது தேவலை என்று ஓடிவந்தார்.

சுவரை இடித்த நாளில் மழைக்குழாயும் உடைந்திருக்கிறது. மழைக்கு மழை கூரைத் தண்ணீர் மொத்தமும் மூடிய இடத்தின்மேல் ஊற்றியிருக்கிறது. அங்கே பூச்சே இல்லை. செங்கலுக்குச் செங்கல் விரல் நுழையும் இடைவெளி. நடுவில் வைத்த சேறெல்லாம் சாரலில் கரைந்து போயிருந்தது.

"இதக் கட்டுன கொத்தனாரு யாரு?"

"ஒருத்தனும் தொட மாட்டேன்னுட்டான். நாந்தான் வச்சேன்."

"கண்ண எங்க வச்சிருந்தீரு?"

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் அடைக்கணும்னு பெரியவங்க சொன்னாவ. பொத்தலப் பாத்தா உள்ளயிருந்து கூப்பிடுவாருன்னு..."

தாய் சிரிப்பாரோ என்று பயந்தார். தாய் சிரிக்கவில்லை.

"கல்ல உருவும்."

"அடச்ச வழியத் திறக்கவா?"

"ஊறுன சுவத்துல என்னத்தப் பூசினாலும் பூசணம் பூக்கத்தான் செய்யும். மொதல்ல குழாய மாத்தும். உள்பக்கம் தண்ணி தெளிச்சுச் சுரண்டும், பிளீச்சிங் பவுடரக் கரச்சுக் கழுவும். மூக்குல துணி கட்டிக்கிடும். காயவிடும். காஞ்ச பெறகு சுவரு, சுவரு காஞ்ச பெறகு பெயிண்டு."

"காயுத வரைக்கும்?"

"திறந்து கெடக்கட்டும்."

"திறந்து கெடந்தா... அவரு வந்து நின்னா என்ன செய்ய, தாயே?"

தாய் சுவரைக் காட்டினார்.

கோமதிநாயகம் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். தாய் அவர் தாடையைப் பிடித்துச் சுவர் பக்கம் திருப்பினார்.

கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு, முகத்துக்கு நேராக இருந்த செங்கற்களை உருவினார். உள்பூச்சும் அதோடு பெயர்ந்து அறைக்குள் விழுந்தது. வேறு வழியில்லாமல் கண்ணைத் திறந்து பார்த்தார்.

இருட்டறை தெரிந்தது. அதற்கு அப்பால் நிலைப்படி. எதிர் அறை வெளிச்சத்தில் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு உலகேஸ்வரி நின்றாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. சத்தம் கேட்டு வந்திருக்கிறாள்.

அப்பா சந்துப் பக்கம் போனது அவளுக்குத் தெரியாது. சுவரில் பொத்தல் விழுந்ததும், அதில் நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு முகம் தெரிவதும்தான் அவளுக்குத் தெரிந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சாடை.

கத்திவிடுவாள் என்று நினைத்தார். "நாந்தாம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் உலகேஸ்வரி தலைப்பைக் கீழே இறக்கினாள். ஓரடி முன்னால் வந்தாள்.

"பெரியப்பா" என்றாள். "சாப்ட்டீங்களா?"