கரிச்சான் அடிக்காத மணி

இது சிரிப்புக் கதைதான். ஆனால் சிரிப்பைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறேன். அவசரப்பட்டு எட்டிப் பார்க்கிறவர்களுக்கு அது கிடைக்காது. வரிசையில் வாருங்கள்.

ஒரு காட்டில், ஐந்து சரிவுகளுக்கும் கேட்கும்படியாக, ஒரு துடுப்புவால் கரிச்சான் இருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு. வாலின் இரு நுனியிலும் துடுப்பு மாதிரி ஓர் இறகு. அதற்குச் சொந்தக் குரல் என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். காலையில் கோழி, மதியம் மயில், மாலையில் பூனை. ஒரு நாள் யானைக்குட்டி மாதிரிப் பிளிறிவிட்டு, பதறி ஓடி வந்த தாய் யானையிடம், "இந்தப் பக்கமாத்தான் போச்சு, பெரியம்மா" என்று வழியும் காட்டியது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் இரண்டு கருமந்திகள் கிளையைவிட்டே விழுந்தன.

நான் சொன்ன சிரிப்பு அதுவா என்று கேட்காதீர்கள். அது இல்லை. பொறுங்கள்.

காட்டின் ஓரத்தில் ஒரு பங்களா இருந்தது. அதன் வேலிக்குள் இரண்டு குரைமான்கள் வளர்ந்தன. கடல் கடந்து கூண்டில் வந்தவை. ஆட்டுக்குட்டி உயரம், கொஞ்சம் கூனல் முதுகு, நாயிடம் கடன் வாங்கிய குரல். ஒரு மழை நாளில் காட்டுப்பன்றி ஒன்று கிழங்கு தோண்டப்போய், வேலிக்கு அடியில் ஒரு துளை விழுந்தது. துளை வழியாக முதலில் ஒரு மூக்கு வந்தது. அதன் பின்னால் ஆண்மான் வந்தது. அதன் பின்னால் பெண்மான்.

"ஏங்க, இங்கே எல்லாமே தளிரா இருக்குதே" என்றது பெண்மான்.

"இந்த ஊர்க்காரங்களுக்குப் பசியில்லை போல. நாம சாப்பிடுவோம்" என்றது ஆண்மான்.

சாப்பிட்டன. நடுவில் ஒரு குட்டியும் போட்டன. மறுபடி சாப்பிட்டன.

அவை மேய்ந்தது மூங்கில் சரிவில். அங்கே முழங்கால் உயரப் புதருக்குள் ஒரு சருகுமான் குடியிருந்தது. முயலளவுதான் இருக்கும். கொம்பு கிடையாது, பெரிய ஓட்டம் கிடையாது. புதருக்குள் அசையாமல் நிற்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வித்தை. புதரே போய்விட்டால் நின்று என்ன பயன்? அதற்கும் ஒரு நாள் குட்டி பிறக்கும். குட்டியை மறைத்து வைக்க ஒரு புதராவது வேண்டும்.

சருகுமான் கரிச்சானிடம் வந்தது.

"தம்பி, அந்த ரெண்டும் பங்களாவை இன்னும் மறக்கலை. அங்கே பழைய சமையல்காரர் மணி அடிச்சுத்தான் பலாச்சக்கை போடுவார். புதுசா வந்தவர் மணியைத் தொடுறதே இல்லை. நீ அந்த மணி மாதிரி ஒரு குரல் கொடு. ரெண்டும் துளை வழியா உள்ளே ஓடிடும். துளையை அடைக்கப் பன்றி மாமா ஒரு பாறாங்கல்லோட தயாரா நிற்கிறார்."

"மணியா?" கரிச்சான் வாலை ஆட்டியது. "டிங் டிங்குன்னா? இந்தத் தொண்டையைப் பார்த்து அதைக் கேட்கலாமா, அக்கா? அதுக்கு எந்த மந்தி சிரிக்கும்?"

"யாரும் சிரிக்க வேண்டாம். அவங்க போனா போதும்."

"போக வைக்கிறேன். ஆனா என் பாணியிலே."

சொல்லிவிட்டு மூங்கிலின் மேல் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, ஒரு புலி உறுமலை எடுத்துவிட்டது. ஆண்மான் நான்கு காலாலும் ஒரே நேரத்தில் எழும்பி, ஒரு கொடிக்குள் தலையை மாட்டிக்கொண்டு, கொடியோடு ஓடியது. பெண்மான் அதற்கும் முன்னால் ஓடியது. மந்திகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டன.

"பார்த்தியா, அக்கா? சரிவு காலி."

"துளைப் பக்கம் ஓடலையே, தம்பி. நாவல் சரிவுக்கில்ல ஓடுதுங்க."

"எந்தப் பக்கம் ஓடினா என்ன, அக்கா? இங்கே இல்லையே."

இல்லைதான். பெரணிச் செடிக்கு அடியில், அம்மா படுக்க வைத்த இடத்தில் அசையாமல் கிடந்த குட்டியைத் தவிர வேறு யாரும் இல்லை.

நாவல் சரிவில் தளிர் குறைந்ததும் சருகுமான் மறுபடி வந்தது. "தம்பி, அந்த மணி" என்றது. கரிச்சான் செந்நாய்க் கூட்டம் மாதிரி விசில் அடித்தது. குரைமான்கள் நெல்லிச் சரிவுக்குப் பறந்தன. அங்கே கரிச்சான் எடுத்தது பங்களாக் காவல்காரர் குரல்: "ஏய், யார்றா அது? நாயை அவிழ்க்கவா?" முடிவில் ஓர் இருமல். அந்த இருமலை மட்டும் மந்திகள் மூன்று தடவை கேட்டு வாங்கின. பாறைச் சரிவில் யானைப் பிளிறல். கடைசியில் குரைமான்கள் தேக்குச் சரிவில் போய் நின்றன.

போகும் இடமெல்லாம் ஒரு குட்டி பிறந்தது. ஓடும் போதெல்லாம் ஒரு குட்டி தங்கியது. பின்னாலிருந்து குரைப்புச் சத்தம் கேட்டால், எதிரொலி என்று கரிச்சான் நினைத்துக்கொண்டது.

"ஏங்க, இந்தக் காட்டுப் புலிக்கு நம்ம மேலே தனிப் பாசம். ஒரு இடத்திலே தளிர் தீர்ந்ததும் சரியா வந்து உறுமுது" என்றது பெண்மான்.

"வேற குரலா இருந்தாலும் நேரம் தப்புறதில்லை. நல்ல ஊர்" என்றது ஆண்மான்.

நான்காம் ஆண்டு மழை வந்தது. சருகுமான் நனைந்துகொண்டே வந்து மரத்தடியில் நின்றது.

"தம்பி, குட்டி பிறந்திருக்கு. ஓடை தாண்டி, ஈத்தஞ்சரிவிலே. புதர் மிச்சம் இருக்கிறது அங்கே மட்டும்தான்."

கரிச்சான் பறந்து போய்ப் பார்த்தது. ஈரப் புதருக்குள் இரண்டு நாவல்பழம் மாதிரிக் கண்கள். அது கண் இமைக்கவில்லை. கரிச்சான் அந்தப் புதரை ஒரு தடவை சுற்றிப் பறந்தது. திரும்பி வந்து சொன்னது:

"சரி அக்கா. உனக்காக, உன் குட்டிக்காக, இன்னைக்கு அந்த மணி."

மந்திகள் கூடின. கரிச்சான் அலகைத் திறந்தது. டிங். டிங். டிங். பித்தளை தோற்றது. தேக்குச் சரிவில் இரண்டு தலைகள் நிமிர்ந்தன.

"ஏங்க, பலாச்சக்கை."

இரண்டும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஐந்து சரிவுகளையும் கடந்து துளைக்குள் புகுந்தன. பன்றி மாமா கல்லை உருட்டினார். கரிச்சான் மந்திகளைப் பார்த்துத் தலை வணங்கியது.

வணங்கிய தலை நிமிர்வதற்குள் மூங்கில் சரிவில் ஒரு குரைப்பு கேட்டது. நாவல் சரிவிலிருந்து அதற்குப் பதில் வந்தது. பிறகு நெல்லியில். பாறையில். தேக்கில் இரண்டு.

கரிச்சான் அவசரமாக மறுபடி மணி அடித்தது. டிங். டிங்.

பெரணிக்குள்ளிருந்து ஓர் இளம் குரைமான் எட்டிப் பார்த்தது. காட்டில் பிறந்து காட்டில் வளர்ந்தது. பங்களாவைப் பார்த்ததே இல்லை. "இது என்ன பூச்சி, இப்படிக் கத்துது?" என்றபடி அடுத்த தளிரைக் கடித்தது.

கரிச்சானுக்குக் கோபம் வந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, புலி உறுமலுக்கு அலகைத் திறந்தது.

ஓடினால் இவை எங்கே ஓடும்? பழக்கமில்லாமல் முதல் தடவையாக அது திசையைப் பார்த்தது. மூங்கில், நாவல், நெல்லி, பாறை, தேக்கு. அவை தங்காத இடம் ஒன்றுதான் பாக்கி. ஓடைக்கு அப்பால் அது பச்சையாகத் தெரிந்தது. அதற்குள் இரண்டு கண்கள் இமைக்காமல் இருந்தன.

ஒவ்வொரு சரிவுக்கும் இவற்றைக் கொண்டுபோய் விட்டது யார் என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது. உறுமல் தொண்டையோடு நின்றது. கரிச்சான் மெதுவாக அலகை மூடிக்கொண்டது.

அந்த அமைதியில், உச்சிக் கிளையிலிருந்த ஒரு கிழ மந்தி, கரிச்சானின் குரலில் அச்சு அசலாகக் கேட்டது: "எந்தப் பக்கம் ஓடினா என்ன, அக்கா?"

நீதி: தொல்லை சிறிதாக இருக்கும்போதே அதை வந்த வழியில் திருப்பி அனுப்பு; போகும் திசை பாராமல் விரட்டினால், நீயே அதை ஊரெங்கும் பரப்புவாய்.