மதகுக் கதவுக்கு முன்னே சென்ற மூங்கில் சட்டம்

பார்த்திப ஆண்டு, ஆவணித் திங்கள் பதினோராம் நாள், வியாழக்கிழமை. காலையில் வெயில் சுட்டது. பிற்பகலில் மேற்கே மேகம் திரண்டு, பெய்யாமலே கலைந்தது. அந்நாளில் செம்பூர நாட்டை ஆண்டவன் இறையணிவேந்தன் என்னும் அரசன். நினைத்ததை நினைத்தபொழுதே செய்து பார்த்துவிட வேண்டும் என்னும் குணம் உடையவன்.

நாட்டின் மேற்கெல்லையில் இருந்த பேரேரியின் மதகு உடைந்துபோயிருந்தது. ஐப்பசி மழைக்கு முன் புதிய கதவு பொருத்தாவிட்டால், வரும் நீரெல்லாம் வீணே ஓடிவிடும். நாற்பது ஊர்களில் நடவு இராது. கிழக்குத் துறைமுகப் பட்டறையில் கதவு ஒரே இரும்பு வார்ப்பாக ஆயத்தமாகியிருந்தது. அகலம் எட்டு முழம். நீளம் இருபது முழம். அதனை நாட்டின் குறுக்கே கொண்டுசெல்பவர் யார் என்று அரசன் அவையில் வினவினான்.

படைத்தலைவரான தானாதிபதி குணவீரர் எழுந்தார். "நாற்பது யானைகளை என்னிடம் ஒப்படையுங்கள், அரசே."

"அவை மேய்ந்தபின் வழியூரார் எதை உண்பார்கள், ஐயா?" என்றாள் வண்டிப்பேட்டைத் தலைவி கோமளை. "எனக்கு யானை வேண்டா. முதலில் நான்கு ஆள்களும் கொஞ்சம் மூங்கிலும் போதும்."

"நான்கு ஆள் தூக்கும் இரும்புக் கதவை நான் கண்டதில்லை, அம்மணி."

அரசன் சிரித்தான். "இது புதுமையாக இருக்கிறது. கோமளையே கொண்டுசெல்லட்டும். ஐப்பசி முதல் நாளில் கதவு ஏரியில் இல்லையென்றால் வண்டிப்பேட்டையைக் கலைத்துவிடுவேன்."

கோமளை கதவின் அளவிலேயே ஒரு மூங்கில் சட்டம் கட்டுவித்தாள். நால்வர் அதைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தனர். சட்டம் உரசிய இடத்தில் ஊரார் கிளையை வெட்டினர், வைக்கோற்போரை நகர்த்தினர், பள்ளத்தை நிரவினர். பின்னால் வந்த கதவு வண்டியைத் தத்தம் எல்லைவரை தம் எருதுகளைப் பூட்டி இழுத்தும் கொடுத்தனர்.

"கோமளை காற்றை ஊர்வலம் விடுகிறாள்" என்று குணவீரர் அவையில் நகைத்தார்.

அந்தச் சட்டம் தலைநகரில் அவர் வீட்டு வாயிலிலேயே சிக்கி நின்றது. ஆற்றைக் கடக்கும் ஒரே கற்பாலத்துக்கு அத்தெருதான் வழி. குணவீரரோ தம் மாடத்தை இரண்டு முழம் அரசவீதிக்குள் நீட்டிக் கட்டியிருந்தார்.

"ஒரு செங்கல்லும் அசையாது. வேறு வழி பார்" என்றார் அவர்.

கதவு மூன்று நாள் தொலைவில் வந்துகொண்டிருந்தது. அரசனே நேரில் வந்தான்.

"ஐயாவின் மாடத்தைத் தொட எனக்கு மனமில்லை, அரசே" என்றாள் கோமளை. "கதவு ஏரிக்குப் போக முடியாதென்றால், ஏரியைக் கதவிடம் கொண்டுவந்துவிடலாம். ஆறும் பக்கத்தில் ஓடுகிறது. இங்கேயே வெட்டிவிடுவோம்."

அரசனின் கண்கள் மலர்ந்தன. "அரண்மனை வாயிலிலிருந்தே படகு விடலாமே. எங்கே தொடங்குவது?"

"தாழ்வான இடம் ஐயாவின் முற்றந்தான்."

"மண்வெட்டிக்காரர்களை அழையுங்கள். நாளை விடியலில் தொடங்கட்டும்."

அரசன் சொன்னால் செய்துவிடுவான் என்பதைக் குணவீரரைவிட நன்கு அறிந்தவர் இலர். அவர் தாமே கடப்பாரையை எடுத்துவரச் செய்தார். "அரசே, இம்மாடம் எனக்கே நெடுநாளாகப் பிடிக்கவில்லை."

"அப்படியானால் என் படகு?" என்றான் அரசன், சற்றே ஏமாற்றத்துடன்.

"மேற்கே வந்து படகை விடுங்கள், அரசே" என்றாள் கோமளை. " அங்கே நாற்பது ஊர்கள் அந்த ஏரியை நம்பியிருக்கின்றன."

மாடம் இடிந்ததும் அரசன் உதிர்ந்த செங்கற்களைப் பார்த்தான். "இந்த இரண்டு முழ நாட்டை எத்தனை ஆண்டுகள் ஆண்டீர், குணவீரரே?"

பிறகு அரசன் கோமளையிடம் திரும்பினான்.

"உனக்கு என்ன வேண்டும், கோமளை?"

"இழுத்துக் கொடுத்த ஊர்களின் பெயர்களை மதகுக் கல்லில் பொறிக்க வேண்டும், அரசே. யாரால் தண்ணீர் பாய்கிறது என்பது பாயும் வயலுக்கு உரியவர்களுக்குத் தெரிய வேண்டும்."

புரட்டாசி இருபத்தாறாம் நாள் கதவு ஏரியை அடைந்தது. கோமளை கேட்டவாறே பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஐப்பசி நான்காம் நாள் மழை தொடங்கியது, ஏரி நிரம்பியது. தை மாதத்தில் நாற்பது ஊராரும் புதுநெல்லை வண்டிகளில் ஏற்றி, கதவு வந்த வழியே கிழக்கு நோக்கிச் சென்று, எருது தந்த ஒவ்வோர் ஊரிலும் இறக்கினர். குணவீரரும் வழிவிட்டவர்தாமே என்று அவர் வாயிலிலும் ஒரு மூட்டையை வைத்தனர். அவர் வெளியே வந்து, அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.