குயிலார் நடத்திய சிக்கன வகுப்பு

குளத்தங்கரை வேப்பமரத்தில் நீலாயி என்றொரு காக்கை குடியிருந்தாள். அவள் புருஷன் பெயர் கரியமாணிக்கம். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. குளம் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிப் போயிற்று. தவளைகள் சேற்றுக்குள் புதைந்துகொண்டன. ஒரு நத்தை கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. இந்த நேரம் பார்த்துத்தான் நீலாயி முட்டையிட்டிருந்தாள்.

குஞ்சுகள் பொரிந்து வாயைத் திறந்தால் எதைப் போடுவது? அடைகாக்கும்போதெல்லாம் அவளுக்கு இதே கவலை. வயிற்றுக்குக் கீழே முட்டைகள் சூடாக இருந்தன. வயிற்றுக்குள்ளே ஒன்றும் இல்லை.

"ஏங்க, இந்த வரும்படியில பிள்ளைங்களை எப்படிங்க கரையேத்துறது?" என்று கேட்டாள்.

கரியமாணிக்கம் கவ்வி வந்த நண்டுக்காலைக் கூட்டின் ஓரத்தில் வைத்தான். "இன்னைக்கு வரும்படி இதான். நீயே பாத்துக்க," என்றான்.

அந்தக் காட்டுக் காக்கைகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. எது கிடைத்தாலும், அது வெறும் நண்டுக்காலே ஆனாலும், 'கா கா' என்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் தின்பார்கள். ஆளுக்கு ஒரு கொத்துதான் தேறும். ஆனாலும் தினமும் யாராவது ஒருவர் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் யாரும் முழுப்பட்டினி கிடந்ததில்லை. அதற்குச் சிக்கனம் என்று அவர்கள் பெயர் வைக்கவில்லை. அதனால் அதற்கு மதிப்பும் இல்லை.

அப்போதுதான் அக்கரை மாமரத்தில் இன்குரலார் என்ற குயில் வந்து உட்கார்ந்தார். பளபளவென்று கறுத்த மேனி. சிவந்த கண்கள். குரலோ, கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

"அன்பார்ந்த காக்கைப் பெருமக்களே! குறைந்த செலவில் நிறைந்த வாழ்வு வாழ்வது எப்படி? புத்தம்புதிய யோசனைகள்! அனுமதி இலவசம்!"

இலவசம் என்றதும் காடு முழுக்க இறக்கைகள் தாமாக விரிந்தன. நீலாயி மட்டும் தயங்கினாள்.

"முட்டைய விட்டுட்டு எப்படிங்க வர்றது?"

"வெயில்தான் கொளுத்துதே. முட்டை ஆறாது. நீ அடைகாக்குற சூடு மிச்சம்," என்றான் கரியமாணிக்கம். வகுப்புக்குப் போவதற்கு முன்பே அவனுக்குச் சிக்கனம் தொற்றிக்கொண்டுவிட்டது.

இருவரும் போனார்கள். மாமரத்துக் கிளைகளில் இடமில்லை. இலுப்பை மரத்துக் காக்கை பேச்சி தன் புருஷனோடு முன்வரிசையில் இருந்தாள். இன்குரலார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடு கட்டும் செலவு எனக்கு இல்லை. அடைகாக்கும் அலைச்சல் இல்லை. பிள்ளை வளர்ப்புக்காக நான் ஒரு புழுவைக்கூட இதுவரை செலவழித்ததில்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லையா? இந்தக் காடெங்கும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் கொழுகொழுவென்று வளர்கிறார்கள். எப்படி முடிந்தது? எல்லாம் திட்டமிடல்!"

காக்கைகள் வாயைப் பிளந்தார்கள். ஒரு புழுகூடச் செலவழிக்காமலா? நீலாயிக்குத் தன்மேல் வெட்கமாக வந்தது. நாமும் இருக்கிறோமே, பிள்ளை பிறக்கும் முன்பே கையைப் பிசைந்துகொண்டு என்று நினைத்தாள்.

"உங்க வீட்டம்மா வரலீங்களா?" என்று பேச்சி மரியாதைக்குக் கேட்டாள்.

"அவளுக்கு வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது," என்றார் இன்குரலார்.

கூடே இல்லாதவருக்கு வீட்டில் என்ன வேலை என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அத்தனை இனிமையாகச் சொன்னார். அந்த நேரத்தில் அவருடைய மனைவி, உடம்பெல்லாம் புள்ளி போட்ட குயிலம்மாள், ஆளில்லாத கூடு ஒவ்வொன்றாகப் போய், ஒன்றைத் தள்ளி ஒன்றை வைத்து அவசர அவசரமாக வேலையை முடித்துக்கொண்டிருந்தாள்.

இங்கே யோசனைகள் மழையாகக் கொட்டின. "காலையில் சாப்பிடாதீர்கள். அதைப் பசி என்று சொன்னால் வயிறு வலிக்கும். விரதம் என்று சொல்லிப் பாருங்கள், புண்ணியமாகிவிடும். நத்தை ஓட்டை எறியாதீர்கள். மறுநாளும் நக்கலாம். இவற்றைவிடப் பெரிய ஊதாரித்தனம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள்."

"சொல்லுங்கய்யா, சொல்லுங்க," என்றார்கள் எல்லோரும்.

"கரைவது! உங்களுக்குக் கிடைத்த நண்டைத் தின்ன ஊரையே எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? கூப்பிட மூச்சுச் செலவு. வந்தவர் கொத்தினால் தீனிச் செலவு. வாயை மூடிக்கொண்டு அவரவர் கூட்டுக்குக் கொண்டுபோங்கள். மிச்சத்தைப் பாருங்கள்."

காக்கைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை காலம் இது தோன்றாமல் போயிற்றே என்று கரியமாணிக்கம் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

கூட்டுக்குத் திரும்பியதும் நீலாயி முட்டைகளைப் பார்த்தாள். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

"என்னங்க, இது சுருங்கின மாதிரி இல்ல?"

"நாமளே சுருங்கித்தான் கெடக்கோம். முட்டை சுருங்காதா?" என்றான் அவன். அவளும் அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தச் சின்ன முட்டைதான் எல்லாவற்றுக்கும் முன்னால் பொரிந்தது. கண் திறக்கும் முன்பே வாயைத் திறந்தது. திறந்த வாயை மூடவே இல்லை. பிறகு மற்றவை பொரிந்தன. கடைக்குட்டி கடைசியாக வந்தது. நோஞ்சானாக இருந்தாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கழுத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும். நீலாயிக்கு அதன்மேல் உயிர்.

முதலில் பொரிந்த பெரியது தின்றது. மறுபடி தின்றது. கரியமாணிக்கம் புழுவோடு வந்தால் கூட்டுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, மற்றவற்றை மிதித்துக்கொண்டு முதல் ஆளாக வாங்கிக்கொண்டது. அதன் தொண்டை ஓடை மாதிரி, எதைப் போட்டாலும் இழுத்துக்கொண்டு போயிற்று.

புருஷனும் பெண்டாட்டியும் சிக்கனத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். காலை விரதம் இருந்தார்கள். பிறகு மாலையும் விரதமாயிற்று. பழைய நத்தை ஓடுகளை நக்கினார்கள். கரையவே இல்லை. இவ்வளவு மிச்சம் பிடித்தும் கூட்டில் மிச்சம் என்று ஒன்றும் தங்கவில்லை.

வழியில் பேச்சி எதையாவது கவ்விக்கொண்டு பறப்பாள். நீலாயியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நீலாயியும் அப்படித்தான் செய்தாள். பேச்சியின் கழுத்து இறகு உதிர்ந்திருந்ததை அவள் கவனித்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் பங்கு கேட்பாள் என்ற பயத்தில் விழுங்கிவிட்டாள். காடு அமைதியாக இருந்தது. ஒவ்வொரு மரத்திலும் ஒரு குடும்பம் தனித்தனியாக மெலிந்துகொண்டிருந்தது.

நீலாயி மாமரத்துக்குப் போனாள். இன்குரலார் ஓர் அத்திப்பழத்தை முழுசாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க சொன்னது ஒண்ணு விடாம செய்யுறோம். செலவு கூடிக்கிட்டேதான் போகுது."

"நீ சாப்பிடுகிறாயா?"

"ஒரு வேளை, கிடைச்சா."

"அங்கேதான் ஓட்டை. அடைத்துவிடு."

அடைத்தாள். நாட்கள் போயின. பெரியதற்கு இறகு முளைத்துப் பளபளத்தது. கடைக்குட்டி கழுத்தை ஆட்டுவதை நிறுத்திவிட்டது. பயந்துபோய் மறுபடியும் மாமரத்துக்கு ஓடினாள்.

"ஐயா, வேற வழி சொல்லுங்க. கடைக்குட்டி பொழைக்காதுபோல இருக்கு."

இன்குரலார் கண்ணை மூடி யோசித்தார். "பிள்ளைகளில் நன்றாக வளர்வது எது?"

"மூத்தது."

"பெருமையாக இருக்கிறது," என்றார் அவர். சொன்னதும் சட்டென்று இருமினார். "அதாவது, உனக்குப் பெருமைதானே. இதோ பார் அம்மா. நன்றாக வளர்வதற்குப் போட்டால் அது முதலீடு. நோஞ்சானுக்குப் போட்டால் அது நஷ்டம். ஒரு வாயைக் கழித்துவிடு. வீட்டுச் செலவு உடனே குறையும். இதைவிடச் சுலபமான யோசனை கிடையாது."

நீலாயி எப்படிப் பறந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வழியில் குட்டைக்கரையில் ஒரு நத்தை கிடைத்தது. கவ்விக்கொண்டு கூட்டுக்கு வந்தாள். கரியமாணிக்கம் பக்கத்துக் கிளையில் பசி மயக்கத்தில் சாய்ந்திருந்தான். பெரியது வாயைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தது. அதன் காலுக்கடியில் கடைக்குட்டி கிடந்தது. தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை.

நத்தையைக் கிளையில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டாள் நீலாயி. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுவதற்காகத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"கா!"

நெடுநாள் பூட்டிக் கிடந்த குரல், கரகரவென்று வந்தது. கரியமாணிக்கம் திடுக்கிட்டு எழுந்தான். "என்ன நீலா, மூச்ச வீணாக்குற?"

"போகட்டுங்க. கா! எல்லாரும் வாங்க! ஒரு நத்தை இருக்கு, வாங்க!"

இலுப்பை மரத்தில் சலசலப்புக் கேட்டது. பேச்சி வந்து உட்கார்ந்தாள். அலகில் ஒரு வெட்டுக்கிளி இருந்தது. யாருக்கும் தெரியாமல் அவள் ஒளித்து வைத்திருந்தது. அதை நத்தைக்குப் பக்கத்தில் வைத்தாள். பின்னாலேயே மற்றவர்கள் வந்தார்கள். ஒருவர் அலகில் ஓணான் வால். ஒருவர் அலகில் செத்த மீன்குஞ்சு. கூப்பிடும் குரலைக் கேட்டால் போய்விடுவது அவர்கள் உடம்பில் ஊறிய பழக்கம். வகுப்பில் படித்ததெல்லாம் அந்த ஒரு சத்தத்தில் மறந்துபோயிற்று.

முதல் வாய் கடைக்குட்டிக்குப் போயிற்று. இரண்டாவது வாயும் அதற்கே. அது விழுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவைப் பார்த்துக் கழுத்தை ஆட்டியது. நீலாயி எல்லார் முன்னிலும் தேம்பி அழுதாள். அதில் அவளுக்கு வெட்கம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு பேச்சு மடை திறந்தது.

"எங்க வீட்லயும் ஒண்ணு இப்படித்தான், எவ்வளவு போட்டாலும் பத்தல," என்றாள் பேச்சி.

"எங்க வீட்ல மட்டும் இல்லையா என்ன? மத்த ரெண்டும் போயிருச்சு. வெளிய சொல்லக் கூச்சமா இருந்துச்சு," என்றாள் பனைமரத்துக் காக்கை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஒவ்வொரு வீட்லயும் ஒண்ணு. எல்லாம் மொதல்ல பொரிஞ்சது. எல்லாம் இந்த வகுப்புக்குப் போய் வந்த பின்னாலதான்," என்று கரியமாணிக்கம் இழுத்தான். பசியிலும் அவனுக்கு மூளை கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தது.

அந்தச் சமயம் மற்றவற்றுக்கும் பெரியதற்கும் பங்கு கிடைத்து, பெரியதன் வயிறு நிறைந்துவிட்டது. நிறைந்த திருப்தியில் அது தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தது.

"கூ!" என்றது.

எல்லாக் காக்கைகளும் அதைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அக்கரை மாமரத்தைப் பார்த்தார்கள். அங்கே இன்குரலார் அடுத்த வகுப்பை ஆரம்பித்திருந்தார்.

"அன்பார்ந்த காக்கைப் பெரு..."

அதற்கு மேல் அவரைப் பேச விடவில்லை. மிச்சம் பிடித்து வைத்திருந்த சத்தம் முழுவதையும் காக்கைகள் அன்றைக்கே செலவழித்தார்கள். அவருடைய வால் இறகு பாதி குட்டையில் மிதந்தது. புள்ளிக்காரக் குயிலம்மாள் புதருக்குள் நுழைந்தவள் எந்தப் பக்கம் வெளியே வந்தாள் என்று தெரியவில்லை.

"இதையும் கூட்டைவிட்டுத் தள்ளு," என்று பேச்சி பெரியதைக் காட்டினாள்.

நீலாயி அதைப் பார்த்தாள். கோபம் இருந்தது. ஆனால் அது இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சு. "பசிக்குதுன்னு வாயத் தொறந்துச்சு. அது வேறென்ன செய்யும்? ஏமாத்துனது அதோட அப்பன்," என்றாள். "இருக்கட்டும். இனி கடைக்குட்டிக்குப் போட்ட பின்னாலதான் இதுக்கு."

அப்படியே நடந்தது. மழை வரும்வரை காக்கைகள் தினமும் கரைந்தார்கள். கிடைத்ததைக் கொத்திக்கொண்டார்கள். வயிறு நிறைந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு எந்தக் கூட்டிலும் குஞ்சு சாகவில்லை.

ஒருநாள் பெரியது பறந்தது. போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. நேராக அக்கரை மாமரத்துக்குப் போயிற்று. நல்ல கிளையாகப் பார்த்து உட்கார்ந்தது. இறகைக் கோதிவிட்டுக்கொண்டு, காடெல்லாம் கேட்கும்படி இனிமையாக ஆரம்பித்தது.

"அன்பார்ந்த காக்கைப் பெருமக்களே! செலவைக் குறைப்பது எப்படி என்று தெரியுமா?"

நீலாயி வேப்பமரத்திலிருந்தே பதில் சொன்னாள். "தெரியும்ப்பா. உன்னை வளத்ததுல தெரிஞ்சுக்கிட்டோம். நீ மொதல்ல உனக்குன்னு ஒரு கூடு கட்டு. அது முடிஞ்சதும் வா, உக்காந்து கேக்குறோம்."

நம் வயிற்றைச் சுருக்கச் சொல்லி யோசனை தருகிறவர் யாருடைய செலவில் தின்று கொழுத்தார் என்று விசாரித்த பிறகே அவருக்குக் காது கொடுக்க வேண்டும்.