தலையாட்டும் வரை

மலையடிவாரத்து மடம் ஒன்றில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமென்றால், முதலில் அவர் இடத்தில் நின்று, 'நான்' என்று தொடங்கி, அவர் சொன்னதையே தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னவர், "இதுதான் நான் சொன்னது" என்று தலையாட்ட வேண்டும். மறுப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். அவர் தலையாட்டாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இதற்குப் பரபக்கம் என்று பெயர். இந்த வழக்கத்துக்குப் பயந்தே பாதிப் பேர் மடத்தில் வாதம் செய்ய வரமாட்டார்கள். வாயைத் திறந்து திட்டிவிடலாம். அடுத்தவன் வாயாக இருந்து பேசுவது அவ்வளவு லேசா என்ன?

அந்த மடத்தில் பசுபதி என்று ஒரு சீடர். நடுவயதில் வீட்டை விட்டு வந்து சேர்ந்தவர். குரு தாண்டவ அடிகளைவிட நாலைந்து வயது மூத்தவர். சமையல்கட்டு அவர் பொறுப்பு, வாசல் அவர் பொறுப்பு, மடத்தின் வாட்ஸ்அப் குழுவும் அவர் பொறுப்பு. வம்பு இந்த மூன்றாவதில்தான் தொடங்கியது.

குருபூசை அன்று காலை, மண்டபம் நிறைந்த கூட்டத்தில் தணிகாசலம் எழுந்து நின்றார். பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். மடத்தைத் தொடங்கிச் சமாதியான பெரிய சாமிகளைப் பற்றி, அந்த ஊரில் யாரும் நினைத்துப் பார்க்கக்கூடத் துணியாத சில வார்த்தைகளைச் சொன்னார். அடிகள் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். பசுபதியால் பொறுக்க முடியவில்லை. போனில் பிடித்த வீடியோவை, 'நம் சாமியை இப்படிப் பேசுகிறார், பாருங்கள்' என்று குழுவில் போட்டுவிட்டார். போட்ட பிறகு அவருக்கு மனது கொஞ்சம் ஆறியதுகூட உண்டு.

சாயங்காலம் விளக்கேற்றும் நேரம். தணிகாசலம் மடத்துக்குள் ஓடி வந்து விழுந்தார். காலில் செருப்பு இல்லை. சட்டை முதுகில் கிழிந்து தொங்கியது. கடையை அடித்து நொறுக்கிவிட்டார்களாம். துரத்தி வந்தவர்கள் மடத்துப் பக்தர்கள். ஓடி ஒளிய அவருக்குக் கிடைத்த இடமும் அதே மடம். வேறொரு நாளென்றால் சிரித்திருக்கலாம்.

அடிகள் கம்பிக் கதவைப் பூட்டச் சொன்னார். பசுபதி பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். வெளியே ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். மத்தியானம்தான் பந்தியில் "இன்னும் கொஞ்சம் பாயசம்" என்று இவரிடம் கேட்டு வாங்கிக் குடித்தவர்கள். இப்போது ஒருவன் கையில் கடப்பாரை. இன்னொருவன் கையில் கேன். அதில் என்ன இருந்தது என்பதைக் காற்றே சொன்னது. மண்டபத்து ஓட்டின் மேல் கல் விழ ஆரம்பித்தது.

"சாமி, பின்வாசல் வழியா இவரை அனுப்பிரலாமா?" என்றார் பசுபதி.

"அங்கயும் நிக்கிறாங்க."

பசுபதி அடிகள் பக்கம் திரும்பினார். பயம் முற்றினால் கோபம் மாதிரிதான் வெளியே வரும். "இப்படிப் பேசுறவங்கள எதுக்கு சாமி பேச விடணும்? காலைலயே வாய மூடச் சொல்லியிருந்தா, இப்ப இவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

அடிகள், "இன்னைக்குப் பரபக்கம் யார் முறை?" என்று கேட்டார்.

"என் முறை."

"அப்ப வாங்க. வாசல்ல வச்சுச் சொல்லுவோம். மறுக்கத்தான வந்திருக்காங்க."

பசுபதி அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டாகத் தெரியவில்லை. அடிகள் தணிகாசலத்தைக் கையைப் பிடித்து எழுப்பினார். பரபக்கத்துக்கு முன்னால் அடிக்கும் மணியை அடித்துவிட்டு, மூவருமாகக் கதவருகே போய் நின்றார்கள். மணி கேட்டால் பேச்சை நிறுத்துவது அந்த ஊருக்குப் பழகிப்போன விஷயம். கூட்டம் தன்னை அறியாமல் அடங்கியது. கல் மட்டும் கையிலேயே இருந்தது.

பசுபதி தொடங்கினார். "நான் தணிகாசலம். பெரிய சாமிகள் மேல எனக்குச் சில மனவருத்தம் உண்டு."

திரும்பிப் பார்த்தார். தணிகாசலம் இல்லையென்று தலையை அசைத்தார்.

"நான் தணிகாசலம். சமாதியக் கும்பிடுறதுல எனக்கு உடன்பாடு இல்ல."

மறுபடியும் இல்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தலையாட்டித் தொலையேன் என்று பசுபதி கண்ணாலேயே கெஞ்சினார். ஒரு சின்னத் தலையாட்டல் போதும், பேச்சு மழுங்கிப்போகும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். தணிகாசலத்துக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனாலும் தலை மட்டும் இசையவில்லை.

"நான் தணிகாசலம். அந்தச் சமாதியில எலும்புதான் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"ஏய்" என்று ஒரு குரல். கூட்டம் கதவை நோக்கி ஓரடி நகர்ந்தது.

"இன்னும் இருக்கு" என்றார் தணிகாசலம், மெதுவாக.

இன்னும் இருப்பது என்னவென்று பசுபதிக்கு மனப்பாடம். குழுவில் போடுவதற்கு முன் எத்தனை தடவை அதைப் போட்டுப் பார்த்திருப்பார். அந்த வார்த்தைகளைச் சொல்ல, அவர் பயந்தது கூட்டத்துக்கு மட்டும் அல்ல. சிவகாசியில் ஒரு வாடகை வீட்டில் மனைவியையும் மகளையும் அவர் விட்டுவந்திருந்தார். மகளுக்குக் கல்யாணம் ஆனதையே யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டவர் அவர்.

கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் தணிகாசலம். எங்கப்பா ஒரு சாமியார் பின்னால போனாரு. எங்கம்மா தீப்பெட்டி ஒட்டி எங்கள வளத்தா. பொண்டாட்டி பிள்ளையப் பட்டினி போட்டுட்டு ஓடுனவன் எவனும் சாமி இல்ல. நீங்க கும்பிடுற பெரிய சாமியும் அப்படி ஓடுன ஆளுதான்."

கடைசி வார்த்தை முடிவதற்குள் கல் வந்தது. புருவத்துக்கு மேல் பட்டு, ரத்தம் கண்ணை மறைத்தது. பசுபதி கீழே விழவில்லை. பின்னால் தணிகாசலம் அழுதுகொண்டே சொல்வது கேட்டது.

"இதுதான். இதுதான் நான் சொன்னது."

வெளியே யாரோ, "பசுபதி ஐயா மேலயாடா போட்ட?" என்றார்கள். எறிந்தவன், அவர்தானே அப்படிச் சொன்னார் என்று இழுத்தான்.

அடிகள் பசுபதியின் மடியிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

"தலையாட்டிட்டாரு. மறுக்கிறவங்க ஒவ்வொருத்தரா உள்ள வரலாம். கையில ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றார் அடிகள்.

யாரும் வரவில்லை. யாரும் போகவும் இல்லை. வெகுநேரம் கழித்துப் பின்வரிசையில் இருந்தவர்கள் கலைய ஆரம்பித்தார்கள். கடப்பாரைக்காரன் அதைத் தரையில் இழுத்துக்கொண்டே நடந்தான். கேன் வைத்திருந்தவனும் இன்னும் சிலரும் மட்டும் தெருமுனையில் நின்று மடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே அடிகள் காயத்தைக் கழுவித் துணி கட்டினார். அவர் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைப் பசுபதி அப்போதுதான் கவனித்தார்.

"சாமிக்கும் பயமா?"

"ரொம்ப."

"அவர் சொன்னது சரின்னு நினைக்கிறீங்களா?"

அடிகளின் கண் கலங்கியது. படுத்த படுக்கையாகக் கிடந்த பெரிய சாமிகளைக் கடைசி வரை பிள்ளையைப் போலக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டவர் அவர்.

"இல்ல. காலைலேர்ந்து நெஞ்சு எரியுது. அவருக்குச் சொல்ல எங்கிட்டப் பதில் இருக்கு."

"பிறகு எதுக்கு சாமி, அவருக்காக இவ்வளவும்?"

தூணோரமாக உட்கார்ந்து சொம்புத் தண்ணீரைச் சிந்திச் சிந்திக் குடித்துக்கொண்டிருந்தார் தணிகாசலம். அடிகள் தன் பாயை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் விரித்தார்.

"பதில் சொன்னா கேக்க அவர் உயிரோட இருக்கணும்ல, பசுபதி."