முப்பத்தாறு பாக்கெட்டில் ஒன்று

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு மடம். மடம் என்றதும் கோபுரம், யானை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு அறை, ஒரு கூடம், வாசலில் ஒரு புங்கமரம். அவ்வளவுதான். தலைவி தவமணி அம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய சீடர் தில்லைநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு.

தன்னைவிடப் பதினேழு வயது சின்னவரை "அம்மா" என்று கூப்பிட முதல் வாரம் அவருக்கு நாக்கு எழவில்லை. அப்புறம் பழகிவிட்டது. மூன்று வருஷமாகியும் தீட்சை கிடைக்காததுதான் பழகவே மாட்டேன் என்றது.

மனுஷன் முப்பது வருஷம் வங்கியில் அப்ரைசராக நகை எடை பார்த்தவர். வளையலை உள்ளங்கையில் வைத்தால் போதும், இத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார். தராசு அதற்கப்புறம் ஆமாம் போடும். இங்கே வருவதற்கு முன்னால் நாலு மடங்களில் இருந்து பார்த்திருக்கிறார். ஒன்றில் எட்டு மாதம், ஒன்றில் வெறும் நாற்பது நாள். ஏன் விட்டு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் கையை விரித்து, "அங்க ஒண்ணும் இல்லைங்க" என்பார்.

இந்தப் பங்குனியில் ஜோதிமுத்துவுக்குத் தீட்சை ஆனது. ஜோதிமுத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். போன தீபாவளிக்குத்தான் வந்தான். தேவாரத்தில் நாலு வரி சேர்ந்தாற்போல் சொல்லத் தெரியாது. தில்லைநாயகத்துக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெட்டி வந்தது.

அமெரிக்காவில் கடை வைத்திருந்த கந்தப்பன் என்ற பக்தர், கடையை மூடிவிட்டு ஊர் திரும்பியவர், விற்காமல் நின்றுபோன ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தார். உள்ளே முப்பத்தாறு பாக்கெட். ஒவ்வொன்றிலும் பேஸ்பால் ஆடுகிறவர்கள் படம் போட்ட அட்டைகள்.

"அங்கே சின்னவங்க பெரியவங்க எல்லாரும் வாங்கிப் பிரிப்பாங்க அம்மா. பிரிச்சு, உனக்கு யாரு எனக்கு யாருன்னு ஒப்பிட்டுப் பாக்கறது ஒரு விளையாட்டு. முப்பத்தாறுல ஒண்ணுலதான் தங்க முலாம் போட்ட தடிச்ச அட்டை இருக்கும். அதுக்கு அடிச்சுக்குவாங்க."

வந்த காணிக்கையைத் திருப்பக் கூடாது, பிரிக்காமல் மூலையில் போடக் கூடாது, இருக்கிற எல்லாருக்கும் பங்கு போக வேண்டும். இது அந்த மடத்து வழக்கம். பலாப்பழம் வந்தாலும் அப்படித்தான், பேஸ்பால் வந்தாலும் அப்படித்தான். அதனால் சாயங்காலப் பூசை முடிந்ததும் அம்மா, சமையல் மாசிலாமணி, ஜோதிமுத்து, தில்லைநாயகம் நாலு பேரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெட்டி சுற்றி வந்தது. குனிந்து பார்க்காமல் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். தினம் ஆளுக்கு ஒன்று என்று ஏற்பாடு.

அந்த ஆட்டம் எப்படி ஆடுவது என்று ஒருவருக்கும் தெரியாது. கையில் உருட்டுக்கட்டை வைத்திருப்பவன் நல்லவனா, ஒற்றைக் கையில் தோல் உறை மாட்டியவன் நல்லவனா என்று ஒரே குழப்பம். கடைசியில் மாசிலாமணிதான் வழி சொன்னார்.

"மீசையை வெச்சுப் பாத்துடலாம் அம்மா. எவன் மீசை பெருசோ அவன் ஜெயிச்சான்."

"அது சரி" என்றார் அம்மா.

"எங்காளைப் பாருங்க, அய்யனார் கணக்கா இருக்கான்!" என்று ஜோதிமுத்து துள்ளினான்.

"போடா, அது நிழல். என் ஆளுக்கு முறுக்கே இருக்கு" என்றார் அம்மா. சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்து, காவி முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

தில்லைநாயகம் தன் பாக்கெட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். இது என்ன கூத்து என்று அவருக்குப் புரியவில்லை. வீடு வாசலை விட்டுவிட்டு வந்தது இதற்கா? இரண்டாம் நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டார்.

"அம்மா, எனக்கு எப்பத்தான் தீட்சை?"

அம்மா தன் அட்டைகளை விசிறி போல விரித்துக்கொண்டே சொன்னார்: "முதல்ல அந்தப் பாக்கெட்டைப் பிரிங்க ஐயா."

அன்று படுத்தவருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. பாக்கெட்டைப் பிரி என்றால் என்ன அர்த்தம்? சும்மா சொல்வாரா? முப்பத்தாறில் ஒன்று. தங்கம். தன்னைப் போன்ற ஆளிடம் போய்த் தங்கம்! ஓகோ, இதுதான் சோதனை. தங்க அட்டை யாருக்கு வருகிறதோ அவருக்குத் தீட்சை. அப்படியானால் ஜோதிமுத்துவுக்கு அட்டை வராமலே கொடுத்தாரே? அது எப்படி? நினைக்க நினைக்கத் தலை சுற்றியது. ஆனாலும் வேறு அர்த்தம் எதுவும் பிடிபடவில்லை.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருந்து அறைக்குப் போனார். சூரணம் நிறுக்கிற சின்னத் தராசு அங்கே இருந்தது. ஒரு தட்டில் ஒரு பாக்கெட்டை வைத்தார். மற்றவற்றை ஒவ்வொன்றாக அடுத்த தட்டில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். முள் அசையவில்லை. பெட்டியில் இருந்தவை இருபத்தெட்டு. இருபத்துமூன்றாவதை வைத்ததும் தட்டு சாய்ந்தது.

வங்கியில் ஒரு குந்துமணி கூட ஏமாற்றாத கை, பாக்கெட்டின் நுனியை மடக்கி அடையாளம் வைத்தது. மற்றவற்றைத் திரும்பப் போட்டுவிட்டு, அதை மட்டும் ஓரத்தில் சொருகினார்.

சாயங்காலம் பெட்டி சுற்றி வந்தது. அவர் கை நேராக ஓரத்துக்குப் போனது. பிரித்தார். தங்க அட்டை பளபளவென்று வெளியே வந்தது.

"அப்ரைசர் சாருக்குத் தங்கம் டோய்!" என்று கத்தினார் மாசிலாமணி. ஜோதிமுத்து எழுந்து நின்று கையைத் தட்டினான். அவனுக்குத்தான் கிடைத்த மாதிரி அவன் முகம் பூரித்தது.

தில்லைநாயகம் அம்மாவைப் பார்த்தார். அம்மா அட்டையை வாங்கி, விளக்குப் பக்கம் நீட்டி, உற்றுப் பார்த்தார்.

"அடடா" என்றார் அம்மா. "மழுமழுன்னு சவரம் பண்ணியிருக்கானே. மீசை இல்லையே ஐயா."

அன்றைய ஆட்டத்தில் தங்க அட்டைதான் கடைசி. மாசிலாமணி ஜெயித்தார். எழுந்து ஒரு சுற்று ஆடிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

தில்லைநாயகம் அட்டையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கிடைத்தது தங்கம்தான். ஆனால் ஒரு துளி சந்தோஷம் வரவில்லை. எதற்கும் பிரயோசனமில்லாத சாதா அட்டைக்கு அந்தக் குதி குதிக்கிறார்கள், இவர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. அது ஏன் என்று அவருக்கு விளங்கவே இல்லை. அம்மாவும் தீட்சையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

விடிந்ததும் துணிமணியை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார். கூடத்தில் அம்மா அட்டைப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நான் வரேன் அம்மா."

"எங்க?"

"வேற மடம் பாத்துக்கறேன். தங்க அட்டை வந்தும் எனக்குத் தீட்சை இல்லைன்னா, இங்க இருந்து என்ன புண்ணியம்?"

"வந்துச்சா? எடுத்தீங்களா?"

மூட்டை தோளிலிருந்து நழுவியது. பொய் சொல்ல அவருக்கு வராது. அந்த மட்டுக்கும் நல்ல மனுஷர்தான்.

"எடை போட்டு எடுத்தேன்."

"மத்ததெல்லாம்?"

"திரும்பப் போட்டுட்டேன்."

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் குழப்பமாக இருந்தது. திட்டியிருந்தால் வாசலைப் பார்த்து நடந்திருப்பார்.

"ஆனா ஒண்ணு கேக்கணும் அம்மா. அத்தனை பாடுபட்டு எடுத்தேன். கையில வந்தப்போ எனக்கு ஒண்ணுமே தோணலை. சமையல்காரர் மீசைக்காரனைப் பாத்து ஆடறாரு. அவருக்கு என்ன கிடைச்சது, எனக்கு என்ன கிடைக்கலை? எதுவுமே புரியலை. எனக்கு அழுகைதான் வருது."

நிஜமாகவே அழுதுவிட்டார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷர், மூட்டையும் கண்ணீருமாக நடுக்கூடத்தில் நின்றார். அம்மா கீரையைத் தள்ளி வைத்தார். பெட்டிக்குள் கைவிட்டு, பார்க்காமல் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"இதைப் பிரிங்க."

தில்லைநாயகம் வாங்கினார். தன்னை அறியாமல் உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் இல்லை அம்மா. நேத்தே எடை பாத்துட்டேன்."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"பிரிக்கணுமா என்ன? கையில எடுத்தாலே தெரியுதே."

அம்மா மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார். ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"அந்த நாலு மடத்தையும் இப்படித்தான் பாத்துட்டு வந்தீங்களா ஐயா?"

தில்லைநாயகம் குனிந்து பாக்கெட்டைப் பார்த்தார். அது பிரிக்காமல் அவர் உள்ளங்கையிலேயே இருந்தது.